சிவப்புப் பைக்குள் ஆறு வோல்ட்

சாவுச் செய்தி எங்கள் தொழிலில் ஆர்டராகத்தான் வரும். சென்ற வாரம் ஒரு காலை, செம்பூரில் என் ஸ்டூடியோ ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. தாராவியிலிருந்து மாரியப்பன். "அண்ணாச்சி, இசக்கி போயிட்டா. கேமராவ எடுத்துக்கிட்டு வாங்க" என்றார். பழக்கதோஷம், "எத்தன மணிக்கு எடுக்காங்க?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் எந்த இசக்கி என்பது எனக்கு உறைத்தது. ஷட்டரைப் பாதியில் விட்டுவிட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

தாராவி, மாட்டுங்கா, செம்பூர் பக்கத்துத் தமிழ் வீடுகளில் இசக்கியம்மாளைத் தெரியாதவர்கள் குறைவு. பெயர் மறந்திருந்தாலும் ஆளை மறந்திருக்க மாட்டீர்கள். இடது கையில் கைப்பிடி வைத்த பெரிய பழைய பிளாஷ். அதிலிருந்து சுருள் வயர் இறங்கி இடுப்பில் தொங்கும் சிவப்புத் தோல் பைக்குள் போகும். பைக்குள் செங்கல் கனத்தில் ஒரு பேட்டரி. கல்யாண வீட்டுக்கும் அந்த பிளாஷ்தான், சாவு வீட்டுக்கும் அந்த பிளாஷ்தான். அதை ஒளிக்காமல் செய்தார். அவர் போட்ட சண்டைகளில் முக்கால்வாசி இந்த ஒரு விஷயத்துக்காகப் போட்டவை. நான் இதை எழுதுவதும் அந்தச் சண்டை இன்னும் முடியவில்லை என்பதால்தான்.

செய்தி பரவியதும் எங்கள் போட்டோகிராபர்களின் வாட்ஸாப் குரூப் கும்பிடும் கைகளால் நிரம்பியது. சரி, அது நல்லதுதான். ஆனால் நடுவில் இரண்டு பேர், "பழைய காலத்து மனுஷி, பழைய சாமானை வைத்தே ஓட்டிவிட்டார்" என்று எழுதியிருந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எது ஐயா பழைய காலம்? உங்கள் பிளாஷில் நாலு பென்சில் செல் போட்டு, பத்து படம் எடுத்த பிறகு பச்சை லைட் எரியுமா எரியுமா என்று மணமேடையில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறீர்களே, அதுவா புதிய காலம்? அந்தப் பழைய சாமான் அவரை எடுக்கும் நாள் வரைக்கும் அடித்தது. இப்போதும் அடிக்கும்.

அந்த பிளாஷ் அவர் கைக்கு வந்தபோதே செத்துத்தான் கிடந்தது. உள்ளே இருந்த செல்கள் வீங்கி வெடித்திருந்தன. மாற்றுச் செல் செய்வதைக் கம்பெனி எப்போதோ நிறுத்திவிட்டது. விற்றவன் காட்சிக்கு வைத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தானாம். இசக்கியக்கா செல் இருக்கும் குழிக்குள் அளவாக மரக்கட்டை செதுக்கி வைத்தார். கட்டையின் இரண்டு முனையிலும் பித்தளைத் தகடு, தகட்டிலிருந்து வெளியே வயர். வயரின் மறுமுனையில், கரண்ட் போனால் எரியும் எமர்ஜென்சி விளக்கின் ஆறு வோல்ட் பேட்டரி. முதலில் காலிங்பெல் வயரைப் போட்டிருந்தார். பிளாஷ் இழுத்த இழுப்பில் அது உருகி அவர் சேலையில் ஒட்டிக்கொண்டது. பிறகு ஆட்டோ மெக்கானிக்கிடம் போய்த் தடித்த வயரும் ஒரு ப்யூஸும் வாங்கி வந்து சரிசெய்தார்.

"பெரிய பேட்டரி போட்டா பிளாஷ் எரிஞ்சு போகாதா அக்கா?" என்று நான் ஒருமுறை கேட்டேன். அவர் சொன்னது எனக்கு இன்றும் பாடம் மாதிரி ஞாபகம் இருக்கிறது. "பானை எம்புட்டுப் பெரிசா இருந்தாலும் பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாது அண்ணாச்சி. ஊட்டுத கை அளவா இருக்கணும். கைதான் வோல்ட்டு." இதைச் சொல்லும் உரிமை அவருக்கு இருந்தது. அதற்கு முன் ஒரு பிளாஷைப் பன்னிரண்டு வோல்ட் ஸ்கூட்டர் பேட்டரியில் மாட்டி, டப்பென்று வெடித்துப் புகை வந்து, அவர் ஸ்டூடியோவே ஒரு வாரம் நாறியது. அந்தக் கதையையும் அவரே எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார்.

நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னை அண்ணாச்சி என்பார். யார் மூத்தவர் என்று இரண்டு பேரும் கடைசிவரை கேட்டுக்கொள்ளவில்லை. தொழிலில் போட்டிதான். ஆனால் ஒரே நாளில் இரண்டு ஆர்டர் வந்தால் ஒன்றை எனக்குத் தள்ளிவிடுவார், நானும் அப்படியே.

பையைத் தைத்தது அவர் கணவர் மாரியப்பன். தாராவியில் தோல் பட்டறையில் வேலை. ஏற்றுமதிக்கான பெண்கள் கைப்பைகளுக்கு வெட்டியதில் மிஞ்சிய சிவப்புத் தோல் அன்றைக்குக் கிடந்தது, அதில் தைத்தார். கருப்பு கிடந்திருந்தால் கருப்பில் தைத்திருப்பார். அப்படிக் கருப்பில் தைத்திருந்தால் நான் சொல்லப்போகும் ஒன்றுமே நடந்திருக்காது.

நம் தென்மாவட்டத்துக்காரர்கள் சாவு வீட்டில் படம் எடுப்பார்கள் என்பது மற்றவர்களுக்கு விசித்திரமாக இருக்கலாம். குளிப்பாட்டி, மாலை போட்டு, இறந்தவரை நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்து, குடும்பம் மொத்தமும் சுற்றி நின்று ஒரே ஒரு படம். ஊரிலிருந்து ரயிலேறி வந்துசேர முடியாதவர்களுக்கு அந்தப் படம்தான் கடைசி முகம். இப்போது ஆளுக்கொரு போன் இருக்கிறதே என்பீர்கள். மாட்டுங்கா லேபர் கேம்பில் மாடிக்கு மேல் மாடி கட்டிய சந்துக்குள் நடுப்பகலிலும் வெளிச்சம் இருக்காது. அழுகிற கூட்டம் ஆடாமல் நிற்காது. போனில் எடுத்தால் எல்லா முகமும் இழுத்துப்போயிருக்கும். வெளிச்சம் பரவி விழ இசக்கியக்கா ஒரு வெள்ளைக் குடையில் பிளாஷைத் திருப்பி அடிப்பார். ஒருவர் கண் மூடிவிட்டால், அடுத்த நொடி மறுபடி அடிப்பார். அவ்வளவு பெரிய பேட்டரி பின்னால் இருப்பதால் பிளாஷ் காக்க வைக்காது. சாவு வீட்டில் யாரையும் 'இன்னொரு தடவை நில்லுங்க' என்று சொல்லக்கூடாது என்பது அவர் வைத்திருந்த விதி.

ஒருமுறை அப்படி ஒரு வீட்டில் நானும் இருந்தேன். நாற்காலியில் இருந்தவரின் மூத்த மகன், அப்பாவோடு பல வருடம் பேச்சில்லாதவன், வாசலோடு நின்றுவிட்டான். படத்துக்கு வரமாட்டேன் என்கிறான். இசக்கியக்கா யாரையும் சமாதானம் செய்யவில்லை. தன் பாட்டுக்கு அடித்துக்கொண்டே இருந்தார். ஏதோ ஒரு நிமிடத்தில் அவனால் முடியாமல் உள்ளே ஓடி வந்து நாற்காலியின் கையைப் பிடித்தான். அந்த நொடியிலும் பிளாஷ் தயாராக இருந்தது. அந்தப் படம் இன்றும் அந்த வீட்டுச் சுவரில் இருக்கிறது.

இப்போது தொழில் ரகசியத்துக்கு வருகிறேன். கல்யாணத்துக்கு ஒரு பிளாஷ், சாவுக்கு ஒரு பிளாஷ் என்று தனித்தனியாக வைத்திருக்கிறோம் என்று போட்டோகிராபர்கள் நாங்கள் எல்லோரும் வாடிக்கையாளர்களிடம் சொல்வோம். அத்தனையும் பொய். எங்களில் யாரும் அப்படி வைத்திருக்கவில்லை. எல்லோருடைய பிளாஷும் கருப்பாக, கையடக்கமாக, ஒரே அச்சாக இருப்பதால் எது எங்கே போய்விட்டு வந்தது என்று யாருக்கும் தெரிவதில்லை. இசக்கியக்காவின் சிவப்புப் பை மட்டும் தூரத்திலேயே தெரியும். 'சாவு இசக்கி' என்று பெயர் வைத்தார்கள். கல்யாண ஆர்டர்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன.

மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் நாங்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து அவருக்கு யோசனை சொன்னோம். யோசனை ரொம்பச் சுலபம். பேட்டரியை ஒரு கருப்பு கேமரா பைக்குள் போட்டுக்கொள், தோளில் மாட்டிக்கொள், பிரச்சினை தீர்ந்தது. "காலிபீலி, தேவையில்லாம எதுக்கு டென்ஷன்?" என்றார் எங்களில் ஒருவர். இசக்கியக்கா டீயை மெதுவாகக் குடித்து முடித்தார்.

"சாவு வீட்டுக்குப் போயிட்டு வந்து நான் தலைக்குத் தண்ணி ஊத்திக்கிடுதேன். பிளாஷுக்குத் தலை இல்ல. பையைக் கருப்பாக்கிட்டா தீட்டு போயிருமா, இல்ல உங்களுக்கு வெக்கம் போயிருமா?" என்று கேட்டார். யாரும் வாயைத் திறக்கவில்லை. எழுந்து போகும்போது இன்னொன்றும் சொன்னார். "சாவு வீட்டுக்காரன்தான் நாளைக்குக் கல்யாண வீட்டுக்காரன். அவன் வேற ஆளு இல்ல." பையை முன்பக்கமாக இழுத்து விட்டுக்கொண்டு ஸ்டேஷன் பாலத்தில் ஏறிப் போனார்.

அந்தப் பேச்சு சும்மா வாய்ச்சவடால் இல்லை என்பதை ஆண்டாப் ஹில்லில் ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். பெண் வீட்டுக்கு இசக்கியக்கா, மாப்பிள்ளை வீட்டுக்கு நான். முகூர்த்தம் நெருங்கும் நேரத்தில் மாப்பிள்ளையின் தாய்மாமன் மேடைக்கு வந்தார். நாலு நாளைக்கு முன் லேபர் கேம்பில் துஷ்டி கேட்கப் போன சாவு வீட்டில் அவர் இந்தச் சிவப்புப் பையைப் பார்த்திருக்கிறார். இந்த அம்மா மேடையில் ஏறக்கூடாது, இவரே இரண்டு பக்கத்துக்கும் எடுக்கட்டும் என்று என்னைக் காட்டினார். என் பிளாஷை ஏதோ கோயில் விளக்கைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

என் பிளாஷும் முந்தாநாள் ஒரு சாவு வீட்டுக்குப் போய்த்தான் வந்திருந்தது. இசக்கியக்காவுக்கு அது தெரியும், அந்த ஆர்டரை எனக்குத் தள்ளியவரே அவர்தான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் தப்பித்திருப்பார், நான் மாட்டியிருப்பேன். சொல்லவில்லை. என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குடையை மடக்கத் தொடங்கினார். எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியாது. "என்னுதும் முந்தாநாள் சாவு வீட்டுல அடிச்சதுதான் மாமா" என்று மேடையில் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டேன். தாய்மாமன் என் பிளாஷை விட்டு இரண்டடி பின்னால் போனார். ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்.

முகூர்த்தமோ ஓடிக்கொண்டிருக்கிறது. மண்டபத்தில் சுத்தமான பிளாஷ் ஒன்றுகூட இல்லை. கடைசியில் பெண்ணின் அம்மா ஒரு செம்பில் மஞ்சள் தண்ணீரும் மாவிலையும் எடுத்து வந்தார். தெளித்துவிட்டால் தோஷம் கழியும் என்று இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டார்கள். மாவிலையைத் தண்ணீரில் முக்கி, இசக்கியக்காவின் பிளாஷையும் பையையும் நோக்கிக் கையை ஓங்கியே விட்டார். பேட்டரியும் வயரும் பிளாஷும் சார்ஜ் ஏறி நிற்கும் நேரம். ஒரு சொட்டு உள்ளே போனால் எல்லாம் போச்சு.

இசக்கியக்கா பையைப் பின்னால் தள்ளி, செம்புக்கு முன்னால் தலையைக் குனிந்தார். "எம்மேல தெளிங்க மயினி. நான் தாங்குவேன். பேட்டரி தாங்காது."

பெண்ணின் அம்மாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரித்துவிட்டார். மேடையில் மற்றவர்களும் சிரித்தார்கள். தாய்மாமன் மட்டும் சிரிக்கவில்லை, ஆனால் தடுக்கவும் இல்லை. நெற்றியிலிருந்து மஞ்சள் தண்ணீர் வழிய வழிய இசக்கியக்கா தாலி கட்டும் படத்தை எடுத்தார். அன்று எடுத்ததில் என் படங்களைவிட அவருடையவை நன்றாக இருந்தன. இதை எழுதுவதில் எனக்கொன்றும் குறைச்சல் இல்லை.

அதற்குப் பிறகு எல்லாம் மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். சில வீடுகள் அவரைக் கூப்பிட்டன, பல வீடுகள் கடைசிவரை கூப்பிடவில்லை. அவரும் பையை மாற்றவில்லை.

சென்ற வாரம் நான் போய்ச் சேர்ந்தபோது அவரைக் குளிப்பாட்டி முடித்திருந்தார்கள். காலையில் டீ போட்டுக் குடித்துவிட்டு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை என்றார் மாரியப்பன். வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் அரக்குப் பட்டு உடுத்தி, பெரிய குங்குமப் பொட்டோடு உட்காரவைத்திருந்தார்கள். அந்தச் சந்து எவ்வளவு இருட்டு என்று எனக்குத் தெரியும், அதனால் என் புது பிளாஷை எடுத்து மாட்டினேன். மாரியப்பன் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு உள்ளே போய்ச் சிவப்புப் பையைக் கொண்டு வந்தார்.

"ராத்திரி அவளே சார்ஜுல போட்டது. இதுல எடுங்க" என்றார்.

சாமிக்கு விளக்கு ஏற்றியதும் பேட்டரியைச் சார்ஜில் போடுவது இசக்கியக்காவின் பழக்கம். பிளாஷை இயக்கினேன். அந்த மெல்லிய கீச்சுச் சத்தம் கேட்டது. குடையில் திருப்பி அடித்தேன். மாரியப்பன் கண்ணை மூடிக்கொண்டார், மறுபடி அடித்தேன். யாரையும் 'இன்னொரு தடவை நில்லுங்க' என்று நான் சொல்லவில்லை. தன் படத்துக்கான வெளிச்சத்தைத் தானே சேர்த்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன், நினைத்ததும் அழுதுவிட்டேன். அழுதுகொண்டேதான் எடுத்தேன்.

எடுத்து முடித்து வயரைச் சுற்றும்போது விக்ரோலியிலிருந்து வந்திருந்த அவருடைய அண்ணன், அந்தப் பையை அவளோடு வைத்துவிடுங்கள் என்றார். செத்தவள் பொருள், அதிலும் சாவு வீடு சாவு வீடாக ஏறி இறங்கிய பொருள், வீட்டில் இருக்கக்கூடாது என்றார். இன்னும் இரண்டு பேர் ஆமாம் போட்டார்கள். பாடையைக் கட்டிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டு மாரியப்பனைப் பார்த்தார்கள். மாரியப்பன் அதிர்ந்து பேசி நான் கேட்டதே இல்லை. அன்றும் மெதுவாகத்தான் பேசினார்.

"பை நான் தச்சது மச்சான். எரிக்கதுக்குத் தைக்கல." அப்படியே என் தோளில் மாட்டிவிட்டார். "நாளைக்கு அண்ணாச்சிக்கு மாட்டுங்காவுல கல்யாணம் இருக்கு. அங்க போகட்டும்."

"கல்யாணத்துக்கா?" என்று அண்ணன் கேட்டது எனக்கு வீடு வந்த பிறகும் காதில் கேட்டது.

ஏனென்றால் அது என் பிழைப்பு. மறுநாள் கல்யாண வீடு எனக்குப் புதிது, பெரிய சம்பந்தம், அவர்கள் மூலம் இன்னும் இரண்டு கல்யாணம் வர வேண்டியிருந்தது. காலையில் பேட்டரியை என் கருப்பு கேமரா பைக்குள் வைத்துப் பார்த்தேன். அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. ஜிப்பையும் இழுத்து மூடினேன். "அதுதான் சரி, எதுக்கு வம்பு" என்றாள் என் மனைவி, நல்ல எண்ணத்தில்தான். செருப்பைப் போட்டுவிட்டேன், லிப்ட் வரைக்கும் போய்விட்டேன். டீக்கடையில் நாங்கள் ஐந்தாறு பேர் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்தது. திரும்பி வந்து பேட்டரியைச் சிவப்புப் பைக்கு மாற்றி இடுப்பில் மாட்டிக்கொண்டேன். என் மனைவி வந்து வாரை இரண்டு துளை இறுக்கிவிட்டாள்.

மண்டபத்தில் கால் வைத்த சற்று நேரத்திலேயே பெண்ணின் சித்தப்பா என் இடுப்பைப் பார்த்தார். அவர் தாராவியில் பிறந்து வளர்ந்தவர்.

"இது இசக்கியக்கா பைல்லா?"

"ஆமா" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "நேத்து அவங்கள எடுத்ததும் இதுலதான்."

அவர் பெண்ணின் அப்பாவைப் பார்த்தார். அப்பா பெண்ணின் அத்தையைப் பார்த்தார். அத்தை உள்ளே போனார். என்னை அனுப்பிவிட்டு வேறு ஆளைக் கூப்பிடப் போகிறார்கள் என்றே நினைத்தேன். குடையை மடக்கக்கூடாது, அவர்களாகச் சொல்லும்வரை மடக்கக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அத்தை செம்போடு வந்தார். மஞ்சள் தண்ணீர், மேலே மாவிலை. நேராகப் பையைப் பார்த்துக் கையை ஓங்கினார்.

நான் பையைப் பின்னால் தள்ளித் தலையைக் குனிந்தேன். "எம்மேல தெளிங்க அத்தை. நான் தாங்குவேன். பேட்டரி தாங்காது."

தண்ணீர் சில்லென்று பின்கழுத்து வழியாகச் சட்டைக்குள் இறங்கியது. தலையை நிமிர்த்தினேன். மணமேடையில் பெண் வந்து உட்கார்ந்திருந்தாள். அடித்தேன்.

இந்த நகரத்தில் இசக்கியக்காவின் வெளிச்சத்தில் நின்றவர்களே, உங்களில் பாதிப் பேர் சிரித்துக்கொண்டு நின்றீர்கள், பாதிப் பேர் அழுதுகொண்டு நின்றீர்கள். இரண்டு பாதியும் ஒரே ஆட்கள்தான் என்று அவர் சொன்னார். அவரிடமிருந்து எனக்கு வந்தது ஒரு பழைய பிளாஷ், ஒரு மரக்கட்டை, ஒரு பேட்டரி, ஈரத் தலை. சாவு வீட்டுக்குப் போன பிளாஷ் எங்கள் கல்யாணத்துக்கு வேண்டாம் என்பவர்கள் இப்போதே வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளலாம், அவரும் அதே வேலையைக் கருப்புப் பையில் செய்வார். என்னைக் கூப்பிடுகிறவர்கள் செம்பில் தண்ணீர் எடுத்து வையுங்கள், குனிகிறேன். பை சிவப்பாகவே இருக்கும்.